கல்கத்தா லாட் மாளிகையும் அதில் வாழ்ந்தோரும்

கல்கத்தாவில் இரண்டு தலைமுறையாகக் குடியிருந்தும் லாட் மாளிகையை நின்று பார்த்தறியாதவர் நம் சங்கத்துக் குடும்பங்களில் மிகப் பலர். லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கி வைத்துவிட்டு, காளிகாட்டில் சுரங்க ரயில் ஏறி, எஸ்பிளனேடில் இறங்கி, அலுவலகத்துக்கோ கடைவீதிக்கோ விரைகின்ற நமக்கு, மரங்களின் இடையே தோன்றும் அந்தப் பெருங்கட்டடம் வழியிலுள்ள ஒரு வேலியாகவே இருந்து வருகிறது. ஊருக்குக் கொல்கத்தா என்ற பெயர் 2001-ஆம் ஆண்டில் வந்துவிட்டது. ஆயினும் பழங்கதை பேசுமிடத்துப் பழம்பெயரே நாவில் எழுகின்றது, அன்பர்கள் பொறுத்தருள்க.

மாளிகையின் பெயரும் மாறியே வந்திருக்கின்றது. வெள்ளையர் நாளில் அது கவர்ன்மெண்டு ஹவுஸ். வங்காளியர் வாயில் அது 'லாட்பாரி'. லார்டு என்ற ஆங்கிலச் சொல் வங்கத்தில் லாட் ஆனது போலவே தமிழ்நாட்டிலும் லாட் ஆயிற்று. 'இவர் பெரிய லாட் கவர்னரோ?' என்று நம் பாட்டிமார் இடித்துரைத்ததைக் கேளாதவர் யார்? சுதந்திரத்துக்குப் பின் அது ராஜ் பவன் ஆயிற்று; 2025-ஆம் ஆண்டின் இறுதியில் லோக் பவன் ஆயிற்று. அங்கு வாழ்பவரைக் குறிக்கும் சொல்லும் நம்மிடையே கவர்னர் என்பதிலிருந்து ஆளுநர் என்று திருந்திவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தெருக்கள் அமைதியாயிருந்த வேளையில், நாம் சிலர் குழந்தைகளுடன் அம்மாளிகையைச் சுற்றி நடந்தோம். இருபத்தேழு ஏக்கர் நிலத்தின் நடுவே அது நிற்கின்றது. வாயில்களின் உச்சியில் சிங்கங்கள் அமர்ந்திருக்கின்றன. வடக்கு வாயிலே முதன்மையானது. அங்கே நின்றால் அகன்ற படிக்கட்டுகளும், தூண் நிரையும், படிக்கட்டின் முன்னே சீனத்து யாளியொன்றின் மீது ஏற்றி வைத்த பீரங்கியும் தெரிகின்றன. 1842-இல் முடிவுற்ற சீன யுத்தத்தில் கைப்பற்றிக் கொணர்ந்த பீரங்கி அது. அயலார் நாட்டில் கொள்ளையிட்ட பொருளை வேறோர் அயலார் நாட்டில் அலங்காரமாக வைத்தார்கள்!

மாளிகையைக் கட்டியவர் வெல்லெஸ்லி பிரபு. 1798-இல் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கிய அவருக்கு, இருந்த வீடு போதவில்லை. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஆண்டிலேயே இதற்குக் கடைகாலிட்டார். 1803-இல் வேலை முடிந்தது. இங்கிலாந்தில் டெர்பிஷயரிலுள்ள கெடில்ஸ்டன் மாளிகையை மாதிரியாகக் கொண்டு, பொறியாளர் படையைச் சேர்ந்த சார்லஸ் வயாட் வரைபடம் வகுத்தார். நடுவே ஒரு பெருங்கட்டு, நான்கு மூலைகளிலும் நான்கு சிறகுகள், அவற்றை இணைக்க வளைந்த தாழ்வாரங்கள் என்பது அதன் அமைப்பு. எத்திசையிலிருந்து காற்று வீசினும் ஏதேனும் ஒரு சிறகுக்குள் அது நுழைந்தே தீரும். கல்கத்தாவின் வைகாசிப் புழுக்கத்தை அறிந்தவர்க்கு இவ்வமைப்பின் அருமை விளங்கும். மூலமாகிய கெடில்ஸ்டனில் நான்கு சிறகுகள் திட்டமிட்டு இரண்டே கட்டினார்கள். நகலுக்கு நான்கும் வாய்த்தன. செலவுக் கணக்கைக் கண்ட கம்பெனி டைரக்டர்கள் திகைத்தார்கள். வெல்லெஸ்லி 1805-இல் ஊர் திரும்ப நேர்ந்த காரணங்களுள் இவ்வீடும் ஒன்று. தாம் கட்டிய வீட்டில் இரண்டாண்டுகளே அவர் குடியிருந்தார். நூறாண்டு கழித்து இங்கே வைசிராயாக வாழ்ந்த கர்ஸன் பிரபுவோ கெடில்ஸ்டன் மாளிகையிலேயே பிறந்தவர். தம் வீட்டின் நிழலைக் கடல் கடந்து வந்து கண்டார்.

உள்ளே பளிங்கு மண்டபத்தில் ரோமாபுரிச் சீசர் பன்னிருவரின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக உள்ளன. 1892-இல் பொருத்திய மின்தூக்கி இந்தியாவிலேயே முதலாவது என்பர். இத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவே ஒரு குறை. அந்நாளில் சமையற்கட்டு மாளிகைக்குள் இல்லை. வேலிக்கு வெளியே ஒரு தெருவில் இருந்தது. உணவைப் பெட்டிகளில் அடைத்துத் தோளில் சுமந்து வருவார்கள். வைசிராயின் மனைவியாயிருந்த டஃபரின் சீமாட்டி இதைக் குறித்து நகைத்து எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பெண்மணிகள் இதைக் கேட்டதும், 'ரசம் என்ன சூட்டில் இலைக்கு வந்திருக்கும்?' என்றுதான் முதலில் வினவினர்.

1911 டிசம்பரில் தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். வைசிராய் காலி செய்த வீட்டுக்கு 1912-இல் வங்க மாகாணக் கவர்னர் குடி வந்தார். அப்படி முதலில் வந்தவர் கார்மைக்கேல் பிரபு. அவர் வந்தது சென்னையிலிருந்து. அங்கே சில மாதங்களே கவர்னராக இருந்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தார். ஆக, சென்னை மாகாணத்திலிருந்து கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த கூட்டத்தில் ஒரு கவர்னரையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

அவருக்குப் பின் வந்த வெள்ளைக் கவர்னர்களுள் ஊர் நினைவில் நின்றவர் சிலரே. ஸ்டான்லி ஜாக்ஸன் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவர். 1932 பிப்ரவரி 6-ஆம் நாள் சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாவில், பட்டம் வாங்க வந்த வீணா தாஸ் என்னும் இளம்பெண் அவர்மீது துப்பாக்கியால் சுட்டாள். குண்டுகள் தவறின, அவளுக்கு ஒன்பதாண்டுச் சிறைவாசம் கிடைத்தது. அவருக்கு அடுத்து வந்த ஜான் ஆண்டர்ஸனை 1934-இல் டார்ஜிலிங் அருகே லெபாங் பந்தய மைதானத்தில் சுட்டார்கள், அவரும் தப்பினார். ஜான் ஹெர்பர்ட் காலத்தில் வந்ததுதான் 1943-ஆம் ஆண்டுப் பஞ்சம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், சட்டசபையில் தோற்காத பஸ்லுல் ஹக் மந்திரிசபையை நெருக்கி ராஜினாமா வாங்கினார் அவர். சில மாதங்களில் மாளிகையின் வேலிக்கு வெளியே நடைபாதைகளில் மக்கள் பசியால் மடிந்தார்கள். மாகாணம் முழுவதும் மாண்டவர் முப்பது லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வாண்டு இறுதியில் ஹெர்பர்ட்டும் நோயுற்று இறந்தார். பசித்தவனுக்கு ஆளுகின்றவன் எந்த ஊரான் என்பதில் அக்கறை இல்லை. எனினும், அயலான் ஒருவன் யாரிடமும் பதில் சொல்லக் கடமைப்படாமல் ஆளுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

கடைசி வெள்ளைக் கவர்னர் பரோஸ், ரயில்வேத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்தவர். 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் அவர் விடைபெற்றார். ராஜாஜி பதவி ஏற்றார். அன்று மக்கள் வெள்ளம் வேலியைக் கடந்து மாளிகைக்குள்ளேயே புகுந்துவிட்டது. நூற்றைம்பது ஆண்டுகளாக எட்ட நின்று பார்த்த கூடங்களைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ராஜாஜிக்கு இந்த ஊர் எளிதாக வாய்க்கவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். 1939-இல் திரிபுரி காங்கிரஸில் சுபாஷ் சந்திர போஸை எதிர்த்து நின்றவர்களுள் அவரும் ஒருவர். வங்காளியர் அதை மறக்கவில்லை. சுபாஷின் தமையனார் சரத் சந்திர போஸ் இந்நியமனத்தை வெளிப்படையாக எதிர்த்தார். சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, சென்னையில் பிரதம மந்திரியாக இருந்து, அறுபத்தெட்டாம் வயதில், தம்மை வேண்டாமென்று சொல்லும் ஊருக்கு, அதுவும் ஓராண்டுக்கு முன் இரத்த ஆறு ஓடிய ஊருக்கு, வந்து சேர்ந்தார் அவர்.

அந்நாளில் ஊரில் இரண்டு வீடுகளை மக்கள் கண்ணுற்றார்கள். ஒன்று இம்மாளிகை. மற்றொன்று கிழக்கே பெலியாகட்டாவில் ஹைதரி மன்ஸில் என்னும் பாழடைந்த வீடு. அதில் ஆகஸ்டு 13 முதல் காந்தியடிகள் தங்கியிருந்தார். மாளிகையில் இருந்தவரும் பாழ்வீட்டில் இருந்தவரும் சம்பந்திகள். ராஜாஜியின் மகள் லக்ஷ்மி, காந்தியடிகளின் மகன் தேவதாஸை 1933-இல் மணந்திருந்தார். ஆகஸ்டு இறுதியில் கலகம் மீண்டும் மூண்டபோது, செப்டம்பர் 1-ஆம் நாள் இரவு காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். ராஜாஜி சென்று வாதாடித் தடுக்க முயன்றார், இயலவில்லை. எழுபத்துமூன்று மணி நேரம் கழிந்து, எல்லாச் சமூகத்தின் தலைவர்களும் எழுதிக் கொடுத்த உறுதிமொழியைப் பெற்ற பின்பே, 4-ஆம் நாள் இரவு உண்ணாவிரதம் முடிந்தது. ஊரை அடக்கியது பாழ்வீடே என்று சரித்திரம் சொல்லும், அது உண்மையே. ஆயின் அதன் பிறகு பத்து மாதம், அகதிகள் வந்து குவிந்த ஒரு மாகாணத்தில், எந்தச் சமூகத்துக்கும் அறிந்து ஓர் அநீதியும் செய்யமாட்டேன் என்று முஸ்லிம் வணிகர்களிடம் வாக்களித்து, அதன்படி நடந்து, பிரபுல்ல சந்திர கோஷ் மந்திரிசபையின் நன்மதிப்பைப் பெற்றவர் மாளிகையில் இருந்த தமிழர். பீகாரிலும் ஒரிஸ்ஸாவிலுமிருந்து சில பகுதிகளைப் பிரித்து வங்கத்தில் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கையையும் அவர் ஏற்கவில்லை. வந்த ஊரில் நல்ல பெயர் வாங்க அதை ஆதரிப்பதே சுருக்கு வழியாக இருந்திருக்கும்.

1948 ஜூன் 21-ஆம் நாள் கவர்னர் ஜெனரல் பதவி ஏற்க அவர் தில்லி சென்றார். அப்பதவி 1950 ஜனவரி 26-இல் மறைந்தது. வெல்லெஸ்லி வகித்த பதவிக்குக் கடைசியாக வந்தவர், வெல்லெஸ்லி கட்டிய வீட்டிலிருந்தே சென்றார்.

வேற்றூராரைக் கவர்னராக அமர்த்துவது சட்டமா என்று நம் இளைஞர் ஒருவர் நடக்கும்போது கேட்டார். சட்டம் அன்று, வழக்கம். அரசியல் நிர்ணய சபை 1947-இல், கவர்னரை அந்தந்த மாகாண மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தது. 1949 மே மாத இறுதியில் அம்முடிவை மாற்றி, ராஷ்டிரபதியே நியமிக்கலாம் என்றது. மக்கள் தேர்ந்த முதன்மந்திரி ஒருவரும் மக்கள் தேர்ந்த கவர்னர் ஒருவரும் ஒரே ஊரில் இருந்தால் இருவரும் மோதுவர் என்று அஞ்சினார்கள். உள்ளூர்க் கட்சிப் பூசலில் ஒட்டாத வெளியாரே நலம் என்று நேருவும் பேசினார். 1983-இல் அமைத்த சர்க்காரியா ஆணைக்குழுவும் அவ்வாறே பரிந்துரைத்தது. மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடத்தல், சபையைக் கூட்டுதல், மசோதாவுக்கு இசைவு தருதல் ஆகியவை அவர் வேலை. ராஷ்டிரபதியின் விருப்பம் உள்ளவரைதான் பதவி. இசைவு தருவதற்குக் காலவரம்பு விதிக்கலாகுமா என்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே கிளம்பி, 2025-இல் உச்சநீதிமன்றத்தில் இருமுறை ஆராயப்பட்டது வாசகர்க்கு நினைவிருக்கும்.

ஆகவே, ஆளுநர் என்பவர் நம்மைப் போன்ற ஒருவரே. பிறந்த ஊர் வேறு. இருக்கும் ஊர் வேறு. வீடு சொந்தமன்று, மாற்றல் உத்தரவு எந்நாளும் வரலாம். நம் பெரியோர் கல்கத்தாவுக்கு வந்த நாளில் தம் மக்களுக்குச் சொன்ன அறிவுரை, 'ஊர் வம்பு நமக்கு வேண்டாம்; தலை குனிந்து வேலையைப் பார்' என்பது. அரசியல் சட்டம் ஆளுநருக்குச் சொல்லுவதும் ஏறக்குறைய அதுவே. எப்பொழுது அந்த அறிவுரையை மீறலாம், யாருக்காக மீறலாம் என்பதில்தான் இம்மாளிகையின் பிற்காலக் கதை அடங்கியிருக்கின்றது.

ராஜாஜிக்குப் பின் வந்த கைலாஸ் நாத் காட்ஜுவை விரைந்து கடப்போம். ஹரேந்திர கூமர் முகர்ஜி வழக்கத்துக்கு விலக்கு. வங்காளியே வங்கத்து ஆளுநரானார். பத்மஜா நாயுடு 1956 முதல் 1967 வரை, வேறெவரினும் நெடுங்காலம் இருந்தார். அடுத்து வந்த தர்ம வீராவின் காலத்தில்தான் மாளிகை நடுத்தெருவுக்கு வந்தது. 1967 நவம்பர் 21-ஆம் நாள், சட்டசபை கூடி வாக்களிக்கும் முன்பே, அஜய் முகர்ஜியின் ஐக்கிய முன்னணி மந்திரிசபையை அவர் நீக்கினார். பிரபுல்ல சந்திர கோஷை, ஆம், ராஜாஜி காலத்து அதே கோஷை, முதன்மந்திரியாக்கினார். சபாநாயகர் அது செல்லாது என்று சபையை ஒத்திவைத்தார். 1968 பிப்ரவரியில் ராஷ்டிரபதி ஆட்சி வந்தது. 1969 தேர்தலில் அதே முன்னணி முன்னிலும் வலுவுடன் வென்று திரும்பியது. மந்திரிசபை எழுதித் தரும் உரையை ஆளுநர் சபையில் வாசிக்கவேண்டும் அல்லவா? எழுதித் தந்த உரையில் தர்ம வீராவின் செயலையே கண்டிக்கும் பகுதிகள் இருந்தன. மார்ச் 6-ஆம் நாள் அவர் அப்பகுதிகளை விட்டுவிட்டு மற்றவற்றை வாசித்தார். தம்மைத் தாமே வைவதை ஒருவர் வாய்விட்டுப் படிக்கவேண்டும் என்பது கொடுமைதான். ஆயினும் அவர் முன்பு செய்தது, மக்கள் தந்த மந்திரிசபையை மக்கள் சபையைக் கேளாமல் நீக்கியது. அதை நாம் சரியென்று கொள்ளமாட்டோம்.

மாளிகையில் வாழ்ந்த தமிழர் வேறு சிலரும் உண்டு. டி. வி. ராஜேஸ்வர் 1989-இல் வந்தார். அவ்வாண்டு இறுதியில் தில்லியில் ஆட்சி மாறியதும் ஆளுநர்கள் எல்லோரையும் பதவி விலகச் சொன்னார்கள். 1990 தொடக்கத்தில் அவர் பெட்டி கட்டினார். மணிப்பூர் ஆளுநராயிருந்த இல. கணேசன் 2022-இல் சில மாதங்கள் கூடுதல் பொறுப்பாக இதனையும் பார்த்தார்.

கோபாலகிருஷ்ண காந்தியின் கதை விரித்துச் சொல்லத் தக்கது. தேவதாஸுக்கும் லக்ஷ்மிக்கும் 1945-இல் பிறந்தவர். தமிழ்நாட்டுப் பிரிவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணி தொடங்கியவர். 1947-இல் தாய்வழிப் பாட்டனார் ஒரு வீட்டிலும் தந்தைவழிப் பாட்டனார் மற்றொரு வீட்டிலுமாக இருந்த அதே ஊருக்கு, 2004 டிசம்பரில் ஆளுநராக வந்தார். 2007 மார்ச் 14-ஆம் நாள், நிலம் எடுப்பதை எதிர்த்து நின்ற நந்திகிராம மக்கள்மீது போலீஸார் சுட்டதில் பதினால்வர் இறந்தனர். ஆளுநர் அறிக்கை வெளியிட்டார். அச்செய்தி தம் உள்ளத்தை உறையவைத்தது என்று அதில் சொன்னார். ஆளுங்கட்சியார் சினந்தார்கள், மந்திரிகளிடம் தனியே சொல்லவேண்டியதைத் தெருவில் சொல்லலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அக்கேள்வி வீண் கேள்வி அன்று. நம் சங்கத்திலும் அன்று இரு கட்சி இருந்தது. 'வந்த இடத்தில் இவருக்கு ஏன் இந்த வேலை?' என்றார் சிலர். 'பாட்டனார் இருவரில் யாராவது ஒருவர் பேசாமல் இருந்திருப்பாரா?' என்றார் மற்றவர்.

நாம் பார்க்கும் வேறுபாடு ஒன்று. தர்ம வீரா மந்திரிசபையை நீக்கினார். இவர் ஒரு மந்திரியையும் நீக்கவில்லை. இறந்தவர்களுக்காக வருந்தினார், அதை மறைக்கவில்லை. 2008-இல் ஊரெங்கும் மின்வெட்டு வந்தபோது மாளிகையிலும் நாள்தோறும் சிறிது நேரம் விளக்கை அணைக்கச் செய்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சிங்கூர் நிலத் தகராறில் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவும் மம்தா பானர்ஜியும் பேசுவதற்கு இம்மாளிகையிலேயே இடம் தந்து நடுவில் அமர்ந்தார். உடன்பாடு நிலைக்கவில்லை, அக்டோபர் 3-ஆம் நாள் டாடா நிறுவனம் விலகுவதாக அறிவித்துவிட்டது. ஆயினும் இரு தரப்பாரும் அவர் வீட்டுக்குள் வந்தார்கள் என்பது சிறிய செய்தியன்று. 2009 டிசம்பரில் ஐந்தாண்டு முடித்து விடைபெற்றார். அதற்குப் பிந்திய பூசல்கள் நாளிதழ் படிப்போர்க்குப் புதியன அல்ல.

இவ்விடங்களைக் காண விழைவோர்க்கு ஒரு சொல். வடக்கு வாயிலிலிருந்து நேரே நடந்தால் லால் திகி என்னும் குளமும், அதன் அப்பால் ரைட்டர்ஸ் பில்டிங்கும் வரும். முதலமைச்சர் அலுவலகம் 2013-இல் ஆற்றுக்கு அக்கரையில் ஹௌராவின் நபன்னாவுக்குச் சென்றுவிட்டது; அதுவரை அரசியல் சட்டத்தின் இரு தலைகளுக்கும் இடையே சில நிமிட நடைதான். பிற்பகலில் அலிப்பூர் செல்லலாம். பழைய துணைநிலைக் கவர்னர்களின் பெல்வெடியர் மாளிகை தேசிய நூலகத்துக்கு இருப்பிடமாயிற்று. தமிழ் லெக்ஸிகன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூல்தொகுதி அந்நூலகத்தைத்தான் சேர்ந்தது. நேரம் மிச்சமிருப்பின் பெலியாகட்டாவுக்கும் பஸ் ஏறுங்கள். ஹைதரி மன்ஸில் இப்போது செப்பனிட்ட நினைவில்லம். கூடம் சிறியது, குழந்தைகளுக்கு அரைமணி நேரம் போதும்.